எபாநெட்டைக் கட்டளை வரியில் ஓட்டுவது: வெற்று அறிக்கை வந்தால் பதறாதீர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தெரு, குடிநீர்க் குழாயின் கடைமடை. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு வருடம் 7.25 டி.எம்.சி வரவேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டுக் கணக்கெல்லாம் குடத்தில்தான். குழாயைப் பெரிதாக்கினால் அழுத்தம் கூடுமா என்று பார்க்கத்தான் எபாநெட்டைத் திறந்தேன். குழாய் வலையில் தண்ணீர் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இலவச மென்பொருள். ஒவ்வொரு விட்டமாக மாற்றி, ஓட்டி, நோட்டில் எழுதி... இருபதாவது தடவை கை சலித்துவிட்டது. அப்புறம்தான், சுட்டியைச் சொடுக்காமல் கட்டளையைத் தட்டச்சு செய்தே ஓட்டும் கட்டளை வரிக்கு வந்தேன்.

தொட்டி, குழாய், சந்திகளை வரைந்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதில் நெட்வொர்க். உங்கள் மாதிரி முழுவதும் எழுத்தாக இருக்கும் ஐஎன்பி (.inp) கோப்பு கிடைக்கும். வெறுமனே சேவ் செய்தால் வரும் நெட் கோப்பு இங்கே உதவாது.

அடுத்து, 2.2 பதிப்பின் ரன்எபாநெட் நிரலையும் அதற்குத் துணையான டிஎல்எல் கோப்பையும் ஐஎன்பி இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் நிரலின் பெயர், ஐஎன்பி கோப்பின் பெயர், அறிக்கைக்கு நீங்கள் வைக்கும் பெயர், மூன்றையும் இடைவெளி விட்டு அடித்து என்டர் தட்டுங்கள். பெயருக்குள்ளேயே இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி போட வேண்டும்.

இதற்கடுத்த இடத்தில்தான் எனக்கு இரண்டு மாலை போயிற்று. வெற்றிகரமாக ஓடியது என்று திரை சொல்கிறது. அறிக்கையைத் திறந்தால் தலைப்பைத் தாண்டி ஒன்றுமே இல்லை! மாதிரியில் பிழை என்று நினைத்து மறுபடி வரைந்தேன். பிழை அங்கே இல்லை. ஐஎன்பியை நோட்பேடில் திறந்து ரிப்போர்ட் பகுதியைப் பாருங்கள். சந்திகளையும் குழாய்களையும் அச்சிடு என்று தனியாகச் சொன்னால்தான் அச்சிடும். 'நோட்ஸ் ஆல்' (NODES ALL), 'லிங்க்ஸ் ஆல்' (LINKS ALL) என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்தால் எண்கள் கொட்டும். எனக்குக் கடைமடைச் சந்தி மட்டும் போதும் என்பதால் ஆல் என்பதற்குப் பதில் அதன் அடையாள எண்ணைப் போட்டேன்.

இனி, ஒவ்வொரு விட்டத்தையும் தானாகவே மாற்றி ஓட்டும் ஸ்கிரிப்ட். விண்டோஸ் கட்டளைகளை அடுக்கிவைக்கும் பேட்ச் கோப்பில் எழுத்தை மாற்றுவது தலைவலி, பைத்தான் போதும். டபிள்யூஎன்டிஆர் என்ற நல்ல நூலகம் இருக்கிறது, ஆனால் முதல் நாளே அது வேண்டாம் என்பேன். ஐஎன்பியில் விட்டம் இருக்கும் இடத்தில் ஒரு குறிச்சொல்லை எழுதிவையுங்கள். 63, 75, 90, 110 (மில்லிமீட்டர்) என்று ஒவ்வொன்றாக அந்த இடத்தில் போட்டுப் புதுக் கோப்பாக எழுதி, பைத்தானின் சப்பிராசஸ் மூலம் ஓட்டுங்கள். அறிக்கைக்கு ஒவ்வொரு முறையும் வேறு பெயர். இல்லாவிட்டால் கடைசியாக ஓடியது மட்டும்தான் மிஞ்சும்.

அழுத்தம் கழித்தல் குறியோடு வந்தால் மிரள வேண்டாம். கேட்ட தண்ணீர் முழுதும் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டுதான் எபாநெட் வழக்கமாகக் கணக்குப் போடும். உண்மையில் அவ்வளவு தர அந்தக் குழாயால் முடியாது என்று அர்த்தம். 2020-இல் வந்த 2.2 பதிப்பில் ஆப்ஷன்ஸ் பகுதியில் டிமாண்ட் மாடலைப் பிடிஏ (PDA) என்று மாற்றினால், அழுத்தத்துக்குத் தக்கபடி தண்ணீரைக் குறைத்துக் காட்டும். ஒற்றைத்தள வீடுகளுக்கு 1999-இன் இந்திய வழிகாட்டி சொன்ன குறைந்தபட்ச அழுத்தம் 7 மீட்டர் நீர் உயரம்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த வேலந்தாவளம் நண்பருக்கு அழுத்தம் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாக வந்தது. பிவிசி குழாயில் 90 என்பது வெளிவிட்டம்; எபாநெட்டுக்கு உள்விட்டம் வேண்டும். நானும் அதே தப்பைத்தான் செய்திருந்தேன். திருத்தி ஓட்டினேன், 90 போதும் என்று நினைத்திருந்த எங்கள் தெருவுக்கு 110 கேட்கிறது.