தொல்லியல் அறிமுகப் பாடம்: “மண்ணைப் பற்றியே பேசுகிறார்” என்று எழுதும் முன்

தொல்லியல் அறிமுகத் தாளை எடுத்த மாணவர்கள் பருவ முடிவில் ஆசிரியரைப் பற்றி மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதும் கருத்துகள் நாலைந்து வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். மண்ணைப் பற்றியே பேசுகிறார். காலம் என்ன என்று கேட்டால் நேராகப் பதில் வராது. சங்கப் பாட்டை மேற்கோள் காட்டினால் மதிப்பெண் குறைக்கிறார். பானை ஓடு வரையச் சொல்லியே பாதி நேரம் போகிறது. களத்துக்கு அழைத்துப் போவதில்லை.

இவற்றில் கடைசிக் குறை நியாயமானது. மற்றவை எல்லாம் பாடத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பதையே காட்டுகின்றன. கீழடிச் செய்திகளைப் பார்த்து ஆர்வத்தோடு வந்தவர்கள் தங்கத்தையும் எழுத்துப் பொறித்த ஓட்டையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியரோ பலகையில் கோடு கோடாக மண்ணடுக்கு வரைகிறார். டைனோசரைத் தொல்லியலில் சேர்ப்பது, எல்லா ஈமத்தாழியிலும் மன்னரைத் தேடுவது போன்றவை முதல் மாதத்திலேயே தாமாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம். பட்டம் வாங்கிய பிறகும் கூடவே வரும் தவறுகளைப் பார்ப்போம்.

“மண்ணைப் பற்றியே பேசுகிறார்”

இப்படி எழுதிய மாணவரின் தேர்வுத்தாளைப் புரட்டினால் பெரும்பாலும் இன்னொரு வாக்கியமும் இருக்கும்: “ஆழமாகக் கிடைத்த பொருள் பழமையானது.” தொல்லியலில் இதைவிட அதிக நாசம் செய்த எண்ணம் வேறில்லை. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் இதையே எழுதுவதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதைத் திருத்துவதற்கென்றே ஆசிரியர் அத்தனை வாரம் செலவழித்திருக்கிறார்.

ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். மேலே 30 செ.மீ. வரை உழவு மண், முதல் அடுக்கு. அதன் கீழே 90 செ.மீ. வரை இரண்டாவது, 210 வரை மூன்றாவது, 340 வரை நான்காவது, அதற்கும் கீழே மனிதக் கைபடாத கன்னிமண். இரண்டாவது அடுக்கின் காலத்தில் வாழ்ந்தவர்கள் தண்ணீருக்காக, சுடுமண் உறைகளை அடுக்கி ஓர் உறைகிணறு இறக்குகிறார்கள். அது மூன்றையும் நான்கையும் துளைத்துக்கொண்டு 300 செ.மீ. வரை போகிறது. பின்னாளில் கிணறு தூர்ந்துபோகிறது. அதற்குள் ஒரு காசு விழுந்து 290 செ.மீ. ஆழத்தில் கிடக்கிறது. ஆழத்தை மட்டும் பார்ப்பவர் அதை நான்காவது அடுக்கில் சேர்த்து, பல நூற்றாண்டுகள் முன்னே தள்ளிவிடுவார். உண்மையில் அது இரண்டாவது அடுக்கு உருவாகத் தொடங்கிய பிறகு விழுந்த காசு.

அந்த ஒரே கிணற்றில் மூன்று தனித்தனிச் சூழல்கள் உண்டு. கிணற்றுக்காக மண்ணை வெட்டிய வெட்டு ஒன்று. உறைகளை அடுக்கிய பின், உறைக்கும் வெட்டின் சுவருக்கும் இடையே இட்டு நிரப்பிய மண் இரண்டாவது. உறைக்குள்ளே தூர்ந்த மண் மூன்றாவது. இடையில் இட்ட மண்ணில் கிடைக்கும் ஓடுகள், கிணறு அதற்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது என்று காட்டும். உள்ளே தூர்ந்த மண்ணில் கிடைப்பவை கிணறு கைவிடப்பட்ட காலத்தைச் சொல்லும். இந்த இரண்டு மண்ணையும் ஒரே பையில் போட்டால் கட்டிய காலமும் தெரியாது, கைவிட்ட காலமும் தெரியாது.

எலிவளை, தென்னை வேர், குப்பைக்குழி, தூண் நட்ட குழி, பிற்காலத்தார் கல்லுக்காகச் சுவரைத் தோண்டி எடுத்த பள்ளம் எல்லாமே மேலே இருப்பதைக் கீழே கொண்டுபோகும். சில சமயம் கீழே இருப்பதை மேலே கொண்டுவரும்: கிணறு வெட்டியவர் வாரி வெளியே போட்ட மண்ணில் பழைய ஓடுகள் இருக்கும், அவை புதிய தரையின் மேல் கிடக்கும்.

“ஒரு செ.மீ.க்கு இத்தனை ஆண்டு” என்று கணக்குப் போடுவது இதே தவறின் இன்னொரு முகம். கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்துக் கரி மாதிரிக்குக் கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205 என்றும் காலம் கிடைத்தது. இரண்டும் ஒரே குழியிலிருந்து வந்தவை என்றே வைத்துக்கொண்டாலும், கீழ்ப்பகுதியில் 153 செ.மீ. மண் சேர 375 ஆண்டு. அதாவது ஒரு செ.மீ.க்கு இரண்டரை ஆண்டு. மேலே உள்ள 200 செ.மீ.க்கோ 2200 ஆண்டுகளுக்கு மேல், ஒரு செ.மீ.க்குப் பதினோரு ஆண்டு. மக்கள் குடியிருந்தபோது மண் வேகமாக ஏறியது, ஊர் ஒழிந்த பின் மெதுவாக ஏறியது. இடையில் அரித்துப் போனதும் இருக்கலாம். சராசரி எடுத்தால் இதெல்லாம் மறைந்துவிடும்.

மாணவர்கள் மட்டும் செய்த தவறு என்று இதை ஒதுக்கவும் முடியாது. ஹைன்ரிக் ஷ்லீமன் 1871 முதல் 1873 வரை துருக்கியின் ஹிஸார்லிக் மேட்டில், கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய டிராய் நகரத்தைத் தேடினார். அது மிக ஆழத்தில்தான் இருக்கும் என்று நம்பி, மேட்டின் நடுவே பெரிய வாய்க்கால்போல் வெட்டிக்கொண்டு போனார். 1873இல் கிடைத்த நகைக்குவியலை டிராய் மன்னர் பிரியாமின் புதையல் என்று அறிவித்தார். அது கீழிருந்து எண்ணும் இரண்டாம் டிராய் அடுக்கைச் சேர்ந்தது. டிராய்ப் போருக்குச் சொல்லப்படும் காலத்தைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. அவர் தேடிய காலத்துக் கட்டடங்களில் ஒரு பகுதி, அவருடைய ஆட்கள் வெட்டி எறிந்த மண்ணோடு போய்விட்டது.

மொகஞ்சதாரோவில் நடந்தது வேறு விதம். ஒரு நிலைப்புள்ளியிலிருந்து எல்லாப் பொருள்களின் ஆழத்தையும் கவனமாக அளந்தார்கள், அளவில் குறையில்லை. ஆனால் மேட்டின் அடுக்குகள் சரிந்து கிடக்கும். ஒரே மட்டத்தில் கிடைமட்டமாக வெட்டினால் ஒரு முனையில் ஒரு காலமும் மறுமுனையில் இன்னொரு காலமும் வரும். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர் இதைத்தான் கடுமையாகக் குறை சொன்னார். அதே ஆண்டில் தட்சசீலத்தில் பயிற்சி முகாம் நடத்தி, மண்ணடுக்கைப் பார்த்து வெட்டும் முறையை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அம்முறை என்ன தந்தது என்பதற்குப் புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு போதும். வீலர் 1945இல் அங்கே வெட்டியபோது இத்தாலியில் செய்த அரிட்டைன் பானை ஓடுகள் உள்ளூர் ஓடுகளோடு ஒரே அடுக்குகளில் கிடைத்தன. அரிட்டைனின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அதைக் கொண்டு, கூடவே கிடந்த ரூலட்டட் (உட்புறம் புள்ளி வரிகளை வட்டமாகப் பதித்த) ஓடுகளின் காலத்தை அவர் கணித்தார். இரண்டாண்டு கழித்து கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்காலத்துக்கு (பெரிய கற்களால் ஈமச்சின்னம் எழுப்பிய காலம்) ஆண்டு சொல்ல அந்தக் கணிப்பு உதவியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தொல்லியலாளர் விமலா பெக்லி, ரூலட்டட் ஓடுகள் வீலர் சொன்னதைவிட முன்பே தொடங்கிவிட்டன என்று வாதிட்டார். எந்த ஓடு எந்த அடுக்கில் என்று வீலர் பதிந்து வைத்திருந்ததால்தான் அவர் முடிவையே திருப்பிச் சோதிக்க முடிந்தது. அடுக்கைக் குறிக்காமல் பெட்டி நிறைய ஓடு சேர்த்திருந்தால் அடுத்தவருக்கு அந்த வழி இருந்திருக்காது.

வெட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? தரையைக் கரண்டியால் ஒரே சீராகச் சுரண்டுங்கள், கொத்தக் கூடாது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பாருங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிட்டால், குழியை நிரப்பிய மண் பெரும்பாலும் சுற்றியுள்ளதைவிட மெதுவாகக் காயும். கறுத்த வட்டமாகத் தெரியும். தொட்டால் பொலபொலவென்றிருக்கும். ஓரம் தெரிந்ததும், பிந்தி உருவானதை முந்தி எடுக்க வேண்டும்: குழியின் மண்ணை முதலில் முழுவதும் எடுத்துத் தனிப் பையில் போட்டு, பிறகே சுற்றியுள்ள அடுக்கைத் தொட வேண்டும். பாதி வெட்டிய பிறகுதான் குழி கண்ணில் பட்டதா? நிறுத்துங்கள். அந்த மட்டத்துப் பைகள் எல்லாவற்றிலும் “கலப்பு” என்று எழுதுங்கள். அவற்றிலிருந்து காலக்கணிப்புக்கு எதையும் அனுப்பக் கூடாது. கலப்பு என்று எழுதத் தயங்கும் ஒருவரால், அறிக்கையில் அந்த அடுக்கு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பையின் சீட்டில் ஊர், குழி எண், கால்குழி (குழியின் நான்கில் எந்தப் பகுதி), அடுக்கு, ஆழம், தேதி எல்லாம் வேண்டும். ஆழம் விடுபட்டால் ஓரளவு சமாளிக்கலாம். அடுக்கு விடுபட்டால் அந்தப் பை வெறும் ஓட்டுப் பை.

“காலத்தை நேராகச் சொல்ல மாட்டேன் என்கிறார்”

நேராகச் சொல்ல முடியாததால்தான். கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பிய மாதிரிக்கு ஆய்வகம் 2450 பி.பி. என்று தந்தால் 1950ஐக் கழித்து கி.மு. 500 என்று எழுதிவிடுகிறார்கள். பி.பி. என்பது 1950இலிருந்து பின்னோக்கி எண்ணிய கரிம ஆண்டு. நாட்காட்டி ஆண்டாக மாற்ற அளவுத்திருத்த வளைகோட்டில் (எந்தக் கரிம ஆண்டுக்கு எந்த நாட்காட்டி ஆண்டு என்று காட்டும் கோடு) வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வளைகோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையே கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. அதனால் 2450±30 என்ற அளவு ஏறத்தாழ கி.மு. 750 முதல் 410 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். தமிழ்நாட்டில் எழுத்தும் நகரமும் தோன்றியதைப் பற்றி நாம் அதிகம் கேட்கும் கேள்விகள் சரியாக இந்தத் தட்டைப் பகுதியில்தான் வருகின்றன. நாளிதழில் ஒற்றை எண் வரும்; ஆசிரியர் வரம்பைச் சொல்வார். அவரை நம்புங்கள்.

மாதிரியையும் கேளுங்கள். பெரிய மரத்தின் உட்பகுதிக் கரி, அடுப்பெரித்த நாளைவிட நூறு, இருநூறு ஆண்டு பழைய காலத்தைக் காட்டக்கூடும். ஓராண்டுப் பயிரின் தானியத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பழனி அருகே பொருந்தல் ஈமக்குழியில் கிடைத்த நெல்லுக்கு அத்தனை மதிப்பு இருப்பது இதனாலும்தான்.

“சங்கப் பாட்டு எழுதினால் மதிப்பெண் குறைக்கிறார்”

புறநானூற்றின் 228ஆம் பாட்டு இறந்த சோழ மன்னன் கிள்ளிவளவனுக்குப் பெரிய தாழி வனைய முடியுமா என்று குயவரைப் பார்த்துக் கேட்கிறது. தாழி என்றதும் மாணவர்கள் இதை எழுதி ஆதிச்சநல்லூரில் கிடைத்த ஈமத்தாழிகளோடு முடிச்சுப் போடுகிறார்கள். ஆதிச்சநல்லூர் மாதிரிகள் இரண்டுக்குக் கிடைத்த காலம் கி.மு. 905, கி.மு. 696. பாட்டு பல நூற்றாண்டு பிந்தியது. தாழியில் புதைக்கும் வழக்கம் நீண்டிருந்தது என்பதற்குப் பாட்டு சாட்சி. அந்தத் தாழிக்குள் இருந்தவர் யார், சடங்கு என்ன என்பதற்குச் சாட்சி ஆகாது. முதலில் எலும்பு, படையல் பொருள், தாழி இருந்த நிலை மூன்றையும் எழுதுங்கள். அதன் பிறகு பாட்டுக்கு வாருங்கள். மதிப்பெண் குறையாது.

குறிப்பேடு

குழியிலேயே, அன்றே, பென்சிலில். இரவில் அறையில் உட்கார்ந்து எழுதுவது நினைவுக்குறிப்பு.

“ஓடு வரையச் சொல்லியே நேரம் போகிறது”

வாய்விளிம்பின் சாய்வைத் தவறாகப் பிடித்தால் கிண்ணம் தட்டாகிவிடும். விளிம்பைக் கவிழ்த்துச் சமமான மேசைமேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரியாமல் போகும்வரை ஓட்டை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அதுதான் பானை நின்ற கோணம். பிறகு ஒருமைய வட்டங்கள் வரைந்த தாளில் எந்த வளைவோடு பொருந்துகிறது என்று பாருங்கள். முழு வட்டத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத சில்லில் விட்டம் எழுத வேண்டாம். வரைபடத்தில் இடப்பக்கம் வெட்டுமுகம், வலப்பக்கம் வெளித்தோற்றம்.

கறுப்பு-சிவப்பு ஓட்டைக் கண்டதும் “பெருங்கற்காலம்” என்று எழுதுவதும் இங்கேதான் நடக்கிறது. அது ஒரு சுடுமுறை. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். குஜராத்தின் அரப்பா கால ஊர்களிலும் உண்டு, தமிழ்நாட்டின் சங்ககால ஊர்களிலும் உண்டு. ஒரு சில்லு காலம் சொல்லாது. வடிவமும் கூடக் கிடந்தவையும் வேண்டும். அதற்காகத்தான் வரையச் சொல்கிறார்.

கரி மாதிரி

கையால் தொடாதீர்கள். கழுவாதீர்கள். பஞ்சிலும் காகிதத்திலும் சுற்றாதீர்கள். அலுமினியத் தாள் போதும், சீட்டு வெளியே.

“களத்துக்கு அழைத்துப் போகவில்லை”

இதை எழுதுங்கள், அழுத்தமாகவே எழுதுங்கள். அகழாய்வுக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆசிரியர் நினைத்த இடத்தில் குழி போட முடியாது. ஆனால் மண்ணடுக்கைப் பார்க்க அகழாய்வே தேவையில்லை. ஊரில் யாராவது வீட்டுக்கு அடித்தளம் தோண்டினால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போய்ப் பார்க்கலாம். ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுவரைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, நிறம் மாறும் இடங்களில் ஆணி குத்தி, நூல் கட்டி, 1:10 அளவில் வரைபடத்தாளில் வரையுங்கள். இடுப்புக்கு மேல் ஆழமாக, முட்டுக் கொடுக்காமல் இருக்கும் குழிக்குள் இறங்க வேண்டாம். கிடைக்கும் ஓட்டை எடுத்து வரவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால் போதும். வரைந்ததை ஆசிரியரிடம் கொண்டுபோய், எந்தக் கோடு அடுக்கு, எந்தக் கோடு வெட்டு என்று அவரோடு வாதாடுங்கள்.