எடை நகரவே இல்லையா? ஒரு கட்டுப்பாட்டு உணவை நம் உடம்பில் முறையாகச் சோதித்துப் பார்ப்பது எப்படி

தை மாதம் 84 கிலோவில் டயட்டைத் தொடங்கினேன். ஆடி முடிவதற்குள் 75க்கு வந்துவிட்டேன். அதன்பிறகு ஐந்து வாரம், எடை மெஷினில் ஏறி இறங்கியதுதான் மிச்சம். பொறுக்கமுடியாமல் ஒரே நாளில் மூன்று காரியம் செய்தேன். சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலைச் சாப்பாட்டை விட்டேன். உப்பைப் பாதியாக்கினேன். பத்து நாளில் 3 கிலோ இறங்கியது. அடுத்து வந்த ஒரு கல்யாணத்தில் இரண்டு நாள் எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்தேன். நான்காம் நாள் அதில் 2 கிலோ திரும்பிவிட்டது. மூன்றில் எது வேலை செய்தது, எது வெறும் தண்ணீர், எது வீண் கஷ்டம்? எதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் பொறுமையாக, ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு மறுபடி செய்தேன். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மொத்தம் எட்டு முதல் பத்து வாரம் ஆகும். அவசரம் இருக்கிறவர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் கடைசியில் கையில் ஒரு பதில் இருக்கும்.

தொடங்குமுன்: இதைத் தனியாகச் செய்யக்கூடாதவர்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் வேறொரு சிக்கல்: சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் கூடி மருத்துவமனையில் சேரவேண்டிய நிலை வரலாம். பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தம் குறைந்து தலைசுற்றும். இவர்களுக்கெல்லாம் மாத்திரை அளவை மருத்துவர் மாற்றித்தர வேண்டியிருக்கும், ஆகவே அவரிடம் பேசாமல் தொடங்கவே வேண்டாம்.

சிறுநீரக நோய், பித்தப்பைக் கல் உள்ளவர்களும் அப்படியே. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், சாப்பாட்டை நினைத்தாலே பயமோ குற்றவுணர்வோ வந்து அவதிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள், இவர்கள் யாருக்கும் இந்தச் சோதனை வேண்டாம். ஏற்கெனவே சரியான எடையில் இருந்துகொண்டு இன்னும் இரண்டு கிலோ குறைக்க நினைப்பவர்களுக்கும் இது தேவையில்லை.

படி 1: எடை உண்மையிலேயே நின்றுவிட்டதா?

தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். எண்ணை எழுதுங்கள். அதைப் பார்த்துச் சந்தோஷமும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் அந்த வாரத்து எடை.

என் தங்கை எழுதிய எண்களைப் பாருங்கள். முதல் வாரம்: 75.2, 74.6, 75.9, 75.1, 74.8, 75.4, 75.0. இரண்டாம் வாரம்: 75.0, 74.9, 74.3, 75.3, 74.7, 74.5, 75.1. முதல் நாள் 75.2, பதினான்காம் நாள் 75.1. "ரெண்டு வாரமா நூறு கிராம்தான்க்கா குறைஞ்சிருக்கு" என்று அழாத குறையாகப் போன் செய்தாள். சராசரி போட்டுப் பார்த்தோம். முதல் வாரம் 75.14, இரண்டாம் வாரம் 74.83. முந்நூறு கிராம் குறைந்திருக்கிறது. அவளுடைய எடை நிற்கவில்லை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் எந்தச் சோதனையும் செய்யவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஊறுகாய், அப்பளம், ஹோட்டல் சாப்பாடு என்று உப்பு கூடிய மறுநாள் ஒரு கிலோ ஏறுவது சாதாரணம். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் தேங்கும், அதனால் போன மாதத்தின் அதே வாரத்தோடுதான் இந்த வாரத்தை ஒப்பிட வேண்டும். நான்கு வாரச் சராசரி நகராமல், இடுப்பளவும் நகராமல் இருந்தால்தான் எடை நின்றுவிட்டது என்று பொருள். இன்ச் டேப்பைத் தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், வாரம் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

ஏன் நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இளைத்த உடம்புக்குச் செலவு குறைவு. ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடம்பு நாளொன்றுக்குச் செலவழிப்பது சுமார் 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது என்றும், பசி சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்றும் 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நமக்குத் தெரியாமலே தட்டில் இன்னொரு கரண்டி விழுகிறது. மனவுறுதி இல்லாததால்தான் இப்படி என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 2: இரண்டு வாரம், எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இது. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

1992இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. "நாளுக்கு 1200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறேன், ஆனாலும் குறையவில்லை" என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அளந்தார்கள். சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை. நமக்கெல்லாம் கண்ணளவு அப்படித்தான் இருக்கிறது.

ஒரு கிச்சன் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தினமும் காலையில் எண்ணெய்த் தூக்கை அப்படியே தராசில் வைத்தேன். இரவு சமையலறையைத் துடைத்த பிறகு மறுபடி வைத்தேன். முதல் நாள் வித்தியாசம் 150 கிராம். நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு 37 கிராமுக்கு மேல். கிராமுக்கு 9 கலோரி என்றால் என் பங்கு மட்டும் 330ஐத் தாண்டியது. நான் அதுவரை "ரெண்டு ஸ்பூன்" என்று 90 கலோரி எழுதிக்கொண்டிருந்தேன். தோசைக்கல்லின் ஓரத்தில் சுற்றி விடுகிற எண்ணெய், தாளிப்பு, பொரியலில் மேலாக விடும் தேங்காயெண்ணெய் எதுவும் என் கணக்கில் வந்ததே இல்லை. அத்தை மூன்றாம் நாளே தராசைப் பார்த்துவிட்டு, "இவ்வளவா ஊத்துறோம்?" என்று கரண்டியை மாற்றிவிட்டார்கள்.

டீயும் அப்படித்தான். 100 மில்லி பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஒரு டம்ளர் ஏறக்குறைய 100 கலோரி. நான்கு டம்ளர் குடித்தால் ஒரு வேளைச் சாப்பாடே ஆகிவிடும்.

இந்த இரண்டு வாரத்தில் எழுதுவதாலேயே கை கொஞ்சம் குறையும். எனக்குக் கால் கிலோவுக்கு மேல் இறங்கி, சராசரி 74.7க்கு வந்தது. பலருக்கு இதோடு எடை நகரத் தொடங்கிவிடும். அப்படி நகர்ந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், எந்த உணவையும் விலக்கவேண்டியதில்லை. நான்கு வாரத்துக்கும் மேலாக நின்றிருந்த என் எடை, எண்ணெயைச் சரிசெய்த பிறகும் அதற்குமேல் இறங்கவில்லை. அதனால் அடுத்த படிக்குப் போனேன்.

படி 3: ஒரே ஒரு கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

எதை விலக்குவது? இதில்தான் ஆளுக்கு ஆள் சண்டை. கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். லண்டனில் சவப்பெட்டி செய்து அடக்க ஏற்பாடு பார்த்துவந்த வில்லியம் பேன்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் விட்டு ஒரே வருடத்தில் 20 கிலோவுக்கு மேல் இளைத்ததை 1863இல் எழுதி வெளியிட்டார். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் 1939 முதல் அதற்கு நேர் எதிரானதைச் செய்தார்: சோறு, பழம், சர்க்கரை. ரத்த அழுத்த நோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்த உணவில், மருத்துவக் கண்காணிப்பில் இருந்த பருமனானவர்களும் நன்றாக இளைத்தார்கள். 2010இல் வாஷிங்டன் மாநில உருளைக்கிழங்கு வாரியத்தின் நிர்வாக இயக்குநர் கிறிஸ் வாய்ட் 60 நாள் தினமும் 20 உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிட்டு 9 கிலோவுக்கு மேல் குறைந்தார். நம் ஊரில் தானியத்தையும் கிழங்கையும் விலக்கும் பேலியோ டயட்டில் இருப்பவர்கள் அந்தக் கிழங்கைத் தொடவே மாட்டார்கள், அவர்களும் குறைகிறார்கள்.

2018இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சிலர் 25 கிலோவுக்கு மேல் இழந்தார்கள், சிலர் ஏறவும் செய்தார்கள். அதனால் "எந்த டயட் சிறந்தது" என்று தேடுவதை விட்டுவிடுங்கள். "எதை விலக்கினால் எனக்குப் பசி அடங்குகிறது?" என்று கேளுங்கள். பதில் உங்கள் உடம்பில்தான் கிடைக்கும்.

முதல் முறை செய்கிறவர்கள் கிழங்கு மட்டும், பழம் மட்டும், மோர் மட்டும் என்கிற ஒற்றை உணவுச் சோதனைகளுக்குப் போகவேண்டாம். அமெரிக்காவில் 1970களில் திரவப் புரதம் மட்டும் குடித்து இளைக்கும் பழக்கம் பரவி, 50க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். இதயத் துடிப்பு குலைந்து திடீரென்று இறந்தவர்கள் அவர்களில் பலர்.

நான் எடுத்துக்கொண்டது இது: நான்கு வாரம் அரிசி, கோதுமை, ரவை, கிழங்கு, சர்க்கரை கிடையாது. முட்டை, மீன், கோழி, பனீர், தயிர், கீரை, காய்கள், அளவாகப் பருப்பு உண்டு. உப்பைத் தொடவில்லை. சாப்பிடும் நேரத்தையும் நடைப்பயிற்சியையும் மாற்றவில்லை. சைவம் மட்டும் என்றால் பனீர், சோயா, சுண்டல், தயிரை நம்பலாம். பேலியோவில் சொல்கிற காலை நூறு பாதாமில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது, அதை மறக்காதீர்கள்.

பெண்கள் 1200, ஆண்கள் 1500 கலோரிக்குக் கீழே போகவேண்டாம். புரதம் குறைந்தால் தசையும் சேர்ந்து கரையும். எனக்கு நாளுக்கு 80 கிராம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு முட்டையில் 6 கிராம், ஓர் இட்லியில் 2 கிராம் என்ற கணக்கு தெரிந்தால் இது எவ்வளவு என்று புரியும்.

படி 4: நிறுத்தவேண்டிய அறிகுறிகளை முதலிலேயே எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், நெஞ்சு படபடத்தால், வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால், மாதவிலக்கு தள்ளிப்போனால், முதல் வாரத்துக்குப் பிறகும் வாரம் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால், யாருக்கும் தெரியாமல் ஒளித்துச் சாப்பிடத் தோன்றினால் அன்றே நிறுத்த வேண்டும். மயக்கமோ, நெஞ்சுவலியோ, விடாத படபடப்போ என்றால் உடனே மருத்துவமனை. சோதனைக்குள் இறங்கிவிட்டால் "இன்னும் நான்கே நாள்தானே" என்று மனம் சொல்லும். அப்போது இந்தப் பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

படி 5: நான்கு வாரம்

முதல் வாரத்து எண்ணை நம்பாதீர்கள். ஈரலிலும் தசையிலும் சுமார் அரைக் கிலோ சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி தீரும், கூடவே தண்ணீரும் போகும். கல்யாண வீட்டில் எனக்குத் திரும்பி வந்த 2 கிலோ இதுதான்.

என் வாரச் சராசரிகள்: தொடக்கம் 74.7. பிறகு 73.1, 72.8, 72.5, 72.3. முதல் வாரத்து 1.6 கிலோவைத் தள்ளிவிட்டால் மூன்று வாரத்தில் 800 கிராம். அதுதான் கணக்கில் சேரும்.

மூன்றாம் நாள் தலைவலியும் சோர்வும் வரும். உப்போடு சேர்ந்து நீர் வெளியேறுவதுதான் காரணம். பிபி இல்லாதவர்கள் உப்புப் போட்ட மோரோ ரசமோ ஒரு டம்ளர் குடித்தால் சரியாகும். மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும்.

எடையோடு இன்னும் இரண்டு விஷயம் தினமும் எழுதுங்கள்: மாலை நான்கு மணிக்குப் பசி பத்துக்கு எத்தனை, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். எனக்கு மாலைப் பசி 8இலிருந்து 3க்கு இறங்கியது. அலுவலகத்தில் பஜ்ஜித் தட்டு சுற்றி வந்தபோது கை தானாக நீளவில்லை. எடையைவிட இந்த எண்தான் பின்னால் உதவியது.

படி 6: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்

நான்கு வாரம் முடிந்ததும் பிரியாணியில் இறங்கினால் அதுவரை எழுதியது வீணாகிவிடும். விலக்கியதை ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று என்று கொண்டுவாருங்கள்.

முதலில் மதியச் சோற்றைச் சேர்த்தேன், சமைத்த சோறு 150 கிராம், சுமார் 200 கலோரி. சராசரி 73.2க்கு ஏறி, இரண்டாம் வாரமும் அங்கேயே நின்றது. ஏறிய 900 கிராம் தண்ணீர் என்பதால் பயப்படவில்லை. மாலைப் பசி அதே 3.

அடுத்து காலை முட்டையை விட்டு, பழையபடி நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும். மூன்றாவது நாளே மாலைப் பசி 7. ஐந்தாம் நாள் நோட்டில் இரண்டு பஜ்ஜி, ஒரு டீ, ஒரு கைப்பிடி மிக்சர் என்று எழுதியிருந்தேன். வார இறுதியில் 73.5.

எனக்குத் தேவையான பதில் அங்கே இருந்தது. மதியச் சோற்றை நான் விலக்கவேண்டிய அவசியமே இல்லை. புரதம் குறைந்த காலைச் சாப்பாடு மாலையில் என்னை நொறுக்குத்தீனியிடம் கொண்டுபோய் விடுகிறது. இப்போது காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை, கெட்டியான சாம்பார். மதியம் சோறு. எண்ணெய்த் தூக்கு வாரம் ஒருநாள் மட்டும் தராசில் ஏறுகிறது. நேற்று எழுதிய வாரச் சராசரி 71.6.

உங்கள் நோட்டில் வேறு பதில் வரலாம். ஒன்றும் மாறவில்லை என்றே வந்தாலும் அதுவும் ஒரு பதில்தான்: அந்த உணவை விலக்கிக் கஷ்டப்படத் தேவையில்லை. அப்படி வந்தால் அடுத்த சோதனைக்கு உடனே தாவாமல் நான்கு வாரமாவது வழக்கம்போலச் சாப்பிடுங்கள். களைப்பு, குளிர் தாங்காமை, முடி உதிர்வு இவையும் கூடவே இருந்தால் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.