தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கையில் வேப்பும் புகையிலையும் சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி

போன தீபாவளி முடிந்த வாரம், எங்கள் மாலை வகுப்பில் படிக்கிற ஒரு பையனுடைய பென்சில் பெட்டிக்குள் ஊதா நிறத்தில் ஒரு சின்னக் குழாய் கிடந்தது. ஹைலைட்டர் பேனா என்றுதான் கையில் எடுத்தேன். மாம்பழ வாசம் வந்தது. பையனுக்கு வயது 14. கொழும்பில் கடை வேலைக்குப் போன மாமன் மகன் லீவுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனதாம். "இது சிகரெட் இல்ல சேர், வெறும் ஆவிதான்" என்றான். பொய் சொல்கிற முகமே இல்லை, அவன் அதை அப்படியே நம்பியிருந்தான். அது வேப், அதாவது இலத்திரனியல் சிகரெட்.

அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சில வேலைகளைச் செய்து பார்த்தோம். பிள்ளைக்காம்பரா (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கிற இடம்) ஆயா ஒருவர், கோயில் கமிட்டியில் ஒருவர், கரப்பந்து விளையாடுகிற இரண்டு இளைஞர்கள், அப்புறம் நான். சில வேலைகள் பலித்தன, சில பலிக்கவில்லை. ஹட்டனோ மஸ்கெலியாவோ பண்டாரவளையோ, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாழ்க்கை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் என்பதால் உங்கள் தோட்டத்துக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் யார் கடைக்கு அனுப்புகிறார்கள் என்று பாருங்கள்

வேப்பைப் பற்றிப் பேசத்தான் நாங்கள் கூடினோம். ஆனால் பிள்ளைகளிடம் விசாரித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. எங்கள் டிவிஷனில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் எந்தக் கடையில் எந்தப் புகையிலை காரம் என்று தெரிகிறது. ஏனென்றால் வாங்கிவரச் சொல்வது நாங்கள்தான். "ஓடிப்போய் அப்பாயிக்கு வெத்தல பொயல வாங்கிட்டு வா", "மாமாவுக்கு ஒரு சிகரெட், கணக்குல எழுதச் சொல்லு" என்று அனுப்புகிறோம். பிள்ளை போகிறது, மிச்சக் காசுக்கு டொபி வாங்குகிறது, புகையிலையும் டொபியும் ஒரே கையில் திரும்பி வருகின்றன. இப்படி ஏழெட்டு வருடம் பழகிய பிள்ளைக்கு 14 வயதில் யாரோ ஒரு குழாயை நீட்டினால், அதை வாங்க என்ன தயக்கம் இருக்கும்?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்று சொல்கிறது. 18 என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இல்லை, 21. தாத்தாவுக்கு என்று சொல்லிப் பிள்ளை வாங்க வந்தாலும் விற்பது அந்தப் பிள்ளைக்குத்தானே. அதனால் முதல் வேலை லயத்துக்கு லயம் போய் இந்த ஒன்றைச் சொல்வது: உங்கள் பழக்கத்தை இன்றைக்கே விடச் சொல்லவில்லை, பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள், வேண்டியவர் தானே நடந்து போகட்டும். நாங்கள் "புகையிலையை ஒழிப்போம்" என்று போயிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். இவ்வளவுதான் கேட்டோம் என்பதால் பெரியவர்கள் சரி என்றார்கள். முழங்கால் வலியோடு மேட்டில் ஏறி இறங்க வேண்டி வந்ததால் இரண்டு தாத்தாமார் சுருட்டைக் குறைத்தது எங்களுக்குச் சும்மா கிடைத்த லாபம்.

வெற்றிலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் சிகரெட்டைவிட அதுதான் அதிகம். பனியிலும் மழையிலும் மலையில் நின்று கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு அது குளிருக்கும் களைப்புக்கும் துணை, அதைக் கேவலமாகப் பேசினால் அவர்கள் மனம் நோகும், அப்படிப் பேச எனக்கும் மனம் வராது. ஆனால் உண்மையை மறைக்க முடியாது. புகையிலை மட்டுமல்ல, பாக்கும் தனியாகவே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. என் அத்தை ஒருவர் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் தழும்போடு ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு, பிறகு பேராதனைப் பல் வைத்தியசாலைக்கும் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் மாறி மாறிப் பஸ் ஏறினார். இளவட்டங்கள் இப்போது மாவா போடுகிறார்கள். அதிலும் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைதான். காரக் குழம்பு வாயில் பட்டால் எரிகிறது என்று பிள்ளை சொன்னால், அல்லது மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடியாமல் வாய் இறுகியிருந்தால், அல்லது ஒரு புண் இரண்டு மூன்று வாரம் ஆகியும் ஆறாவிட்டால், திட்டிக்கொண்டு நிற்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.

கடை

கடை முதலாளி நமக்கு எதிரி இல்லை. அநேகமாகச் சொந்தக்காரர், சம்பளம் வரும்வரை நம் வீட்டில் அடுப்பு எரிவது அவருடைய கடன் கொப்பியால்தான். அதனால் கூட்டமாகப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். இருவர் மட்டும், கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் போங்கள். நாங்கள் கேட்டது மூன்று விஷயம்: பாடசாலைப் பிள்ளை வந்து யார் பெயரைச் சொன்னாலும் புகையிலைப் பொருள் கொடுக்க வேண்டாம், சிகரெட்டையும் புகையிலையையும் டொபி போத்தலுக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள், பிள்ளைகள் எழுதச் சொல்கிற கணக்கைப் பெற்றோரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இந்த மூன்றாவதுதான் எங்களுக்கே தெரியாமல் இருந்த ஓட்டை. ஒரு தாய் சம்பளத்தன்று கொப்பியைப் பார்த்தபோது ஒரே மாதத்தில் 23 பிஸ்கட் பக்கெட் எழுதியிருந்தது, வீட்டுக்கு வந்தது நாலைந்துதான். மற்றதெல்லாம் மகன் தனிச் சிகரெட்டாக வாங்கியது. ஒரு பெட்டி வாங்கப் பிள்ளையிடம் காசு இருக்காது, தனியாக ஒன்று ஒன்றாக விற்பதால்தான் அது முடிகிறது.

இரண்டு தடவை அன்பாகச் சொல்லியும் கேட்காத கடை இருந்தால் பீ.எச்.ஐ. ஐயாவிடம், அதாவது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். பொலிஸுக்கும் இந்தச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், குற்றம் விற்றவர் மேல். புகைத்த பிள்ளையைப் பொலிஸில் கொண்டுபோய் நிறுத்திப் பயமுறுத்தலாம் என்று யாராவது சொன்னால் விடவே விடாதீர்கள், அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை யாரிடமும் வாயைத் திறக்காது.

யாழ்ப்பாணப் பக்கத்திலும் தெற்கிலும் கடைக்காரர்கள் தாங்களாகவே சேர்ந்து சிகரெட் விற்பதை நிறுத்திய ஊர்கள் இருக்கின்றன. எங்கள் கடை அந்த அளவுக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கு விற்பது நின்றிருக்கிறது, இப்போதைக்கு அது போதும்.

வேப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

பிள்ளைகளோடு பேசும் முன் இதை நீங்கள் சரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே நிமிடத்தில் உங்களை மடக்கிவிடுவார்கள். உள்ளே பெட்டரி, ஒரு சூடாகும் கம்பி, ஒரு திரவம். கம்பி சூடானதும் திரவம் நுண்ணிய துளிகளாக மாறி உள்ளே போகிறது. பெரும்பாலான திரவத்தில் நிகோட்டின் இருக்கிறது, புகையிலையில் ஆளைப் பிடித்து வைக்கிற அதே பொருள். தோட்டத்துச் சுருட்டை ஒரு இழுப்பு இழுத்தால் பிள்ளை இருமி வாந்தி எடுக்கும், உடம்பே "வேண்டாம்" என்று சொல்கிற மாதிரி. வேப்பில் நிகோட்டினை உப்பு வடிவத்தில் சேர்ப்பதால் தொண்டை காந்துவதில்லை, பழ வாசமும் சேர்ந்துகொள்கிறது, அதனால் எவ்வளவு போகிறது என்று தெரியாமலே நிறைய உள்ளே போகிறது. ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராம், சிலவற்றில் 50 மில்லிகிராம்கூட இருக்கும். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போகிற நிகோட்டின் 1 அல்லது 2 மில்லிகிராம்தான், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மூளை 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் அடிமையாகிறார்கள், தினமும் பாவிக்காத பிள்ளைக்கும் அது நடக்கும்.

புகையிலைக் கலவையான மெல்லும் பொருட்கள், வாசனையும் இனிப்பும் சேர்த்த சிகரெட்டுகள், புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட்டுகள் ஆகியவற்றை இலங்கையில் செய்யவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது என்று 2016இல் வர்த்தமானி வந்திருக்கிறது. "எல்லா நாட்டிலும் விற்கிறார்களே" என்று பையன்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

குழாயைக் கண்டெடுத்தால் குப்பையோடு சேர்த்து எரிக்க வேண்டாம், பெட்டரி வெடிக்கும். திரவம் சின்னக் குழந்தை வாயில் பட்டால் விஷம், லயத்தில் ஒரே அறைக்குள் தவழுகிற பிள்ளையும் இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிள்ளையோடு பேசுவது

நாங்கள் தோற்ற இடம் இது. முதலில் ஒரு கூட்டம் வைத்தோம், கறுத்துப்போன நுரையீரல் படமெல்லாம் காட்டினோம், பிள்ளைகள் அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே பஸ் ஹோல்டுக்குப் பின்னால் அதே பிள்ளைகளில் ஐந்து பேர் ஊதிக்கொண்டு நின்றார்கள். 14 வயதுக்கு 50 வயது நோய் தெரியாது, அது அவர்களுடைய பிழையும் இல்லை.

தனியாகப் பேசுங்கள். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காத இடமாக இருக்க வேண்டும், லயத்தில் சுவர் என்பது பேருக்குத்தான். நடந்துகொண்டே பேசுவது நல்லது, தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது பிள்ளை தானாகவே சொல்லும். "ஏன்டா இப்படி செஞ்ச" என்று தொடங்காதீர்கள். "முதல்ல யாரு தந்தா தம்பி, எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். என் வகுப்புப் பையனிடம் நான் அப்படிக் கேட்டபோது அவன் சொன்னது: "காலையில எழும்பினவுடனே தேடுது சேர், கிடைக்கலன்னா தங்கச்சிய அடிச்சிடுறேன்." அதற்குப் பிறகு நான் புத்தி சொல்ல ஒன்றும் மிச்சம் இல்லை, பிடிபட்டிருப்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

பிள்ளைகளுக்கு உறைக்கிற விஷயங்கள் கிட்டத்தில் இருப்பவை: இரண்டாவது செட்டில் மூச்சு வாங்குவது, கைச்செலவுக்கு வந்த காசு எங்கே போனது என்பது, தன்னை வாழ்நாள் வாடிக்கையாளனாக ஆக்கத்தான் மாம்பழ வாசம் சேர்த்திருக்கிறார்கள் என்பது. ஏமாற்றப்படுவது எந்த இளவட்டத்துக்கும் பிடிக்காது. வேண்டாம் என்று சொல்லவும் பழக்கிக் கொடுங்கள், "கெட்டது, தொடமாட்டேன்" என்றால் கூட்டாளிகள் சிரிப்பார்கள், "எனக்கு நாளைக்கு மெச் இருக்குடா" என்றால் விட்டுவிடுவார்கள்.

அடிக்காதீர்கள். கோயில் மைக்கில் பெயர் சொல்லாதீர்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனம், விஷயம் வெளியே போனால் படிப்பையே நிறுத்திவிடுவார்கள், அந்தப் பேச்சை ஆயாவோ டீச்சரோதான் பேச வேண்டும்.

விடுவதற்கு விரதத்தைத் துணைக்கு எடுங்கள்

நிகோட்டின் நிறுத்தினால் முதல் மூன்று நாள்தான் மோசம். எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் மனம் நிற்காது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு தடவை தேடும்போதும் அந்த வேகம் சில நிமிடம்தான், தண்ணீர் குடித்து, ஒரு சுற்று நடந்து வந்தால் தணியும்.

நம்மிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவர்கள், மாசியில் காமன் கூத்துக்கு விரதம் இருப்பவர்கள், ஐயப்பனுக்கு 48 நாள் மாலை போட்டவர்கள், தினமும் ஒரு பெட்டி ஊதுகிறவர்கூட அந்த நாட்களில் தொடுவதில்லை. வேதக்காரப் பிள்ளைகளுக்குத் தவக்காலம் 40 நாள் இருக்கிறது. நான்கு வாரம் தாண்டினால் உடம்பு பழகிவிடும் என்றால், 48 நாள் மாலை போட்டவன் கடினமான பகுதியைக் கடந்தே விட்டான். மாலையைக் கழற்றின அன்றைக்கு யாரோ நீட்டுகிற முதல் சிகரெட்டில்தான் எல்லாம் போகிறது. அதனால் கழற்றுகிற நாளுக்குத் திட்டம் போடுங்கள். எங்கள் கமிட்டி அண்ணன் இந்தத் தடவை, மாலை கழற்றிய நான்கு இளைஞர்களை அன்றிலிருந்து ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் மைதானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். மூன்று பேர் இன்னும் தொடவில்லை. நான்காவது ஆள் திரும்பவும் தொடங்கிவிட்டார், அவரைத் திட்டவில்லை, திருவிழாவுக்குக் காப்புக் கட்டச் சொல்லியிருக்கிறோம்.

கூடுதல் உதவி வேண்டுமென்றால் புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிள்ளையே அழைக்கத் தயங்கினால் பக்கத்தில் இருந்து எண்ணை அழுத்திக் கொடுங்கள்.

சாயங்காலம்

பாடசாலை விட்டு வந்ததிலிருந்து அம்மா மலையிலிருந்து இறங்கி வரும்வரை பிள்ளையைக் கேட்க ஆள் இல்லை. நாங்கள் பார்த்த அளவில் எல்லாமே அந்த நேரத்தில்தான் தொடங்கியது. ஒரு பந்தும் ஒரு பழைய வலையும் ஒரு பல்பும் போதும், இருட்டியும் விளையாடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதே நேரம் பிள்ளைக்காம்பராவைத் திறந்து தரச் சொல்லித் தோட்டத்தில் கேட்டிருக்கிறோம், அனுமதி இன்னும் வரவில்லை.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து வருகிற அண்ணன்மாரை, அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வட்ஸ்அப்பில் பிடியுங்கள். சின்னவர்களுக்கு அவர்கள்தான் கதாநாயகர்கள். "தம்பிமாருக்கு ஏதாவது கொண்டு வரணும்னா ஒரு பந்து கொண்டு வாங்க" என்று கேட்டோம். பொங்கலுக்கு இரண்டு பந்து வந்தது.

எங்கள் ஐந்து பேருக்கும் கூட்டம், அறிக்கை எதுவும் கிடையாது. மாதம் 10ஆம் திகதி சம்பளம் போட்டதும் வருகிற ஞாயிறு கடைக்கு ஒரு நடை போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "முதலாளி, இந்த மாசம் சின்னவங்க யாராவது வந்து கேட்டாங்களா?" என்று விசாரித்துவிட்டு வருகிறோம்.