வினிகரில் ஊறும் மிளகாய்

மிளகாய் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால் நான் வினிகரில்தான் போடுவேன். காய வைக்கும் வேலையே இல்லை.

250 கிராம் மிளகாயைக் கழுவித் துடைத்து, வட்டமாக நறுக்குங்கள். கையுறை கட்டாயம், விரலில் ஏறிய காரம் சோப்புக்கும் லேசில் போகாது. முழுசாகப் போடுவதென்றால் ஒவ்வொன்றையும் கத்தி நுனியால் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் உள்ளே காற்று நின்று மிளகாய் மிதக்கும், புளிப்பும் இறங்காது.

1 கப் வினிகர், 1 கப் தண்ணீர், 1 மேசைக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி சர்க்கரை, நசுக்கிய பூண்டு 2 பல். எல்லாம் சேர்ந்து கொதிக்கட்டும். வினிகரில் 5 சதவீத அமிலம் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். தண்ணீரை இதற்கு மேல் கூட்டவே கூடாது, கெடாமல் காப்பது அந்தப் புளிப்புதான்.

சுத்தமான கண்ணாடி பாட்டிலில் மிளகாயை அடைத்து, சுடச்சுட ஊற்றுங்கள். துண்டுகள் மூழ்கியே இருக்க வேண்டும். பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்புப் பச்சையாகும். அமிலத்தின் வேலை அது, பயப்படாதீர்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும், வெளியே வைக்கும் ஊறுகாய் இல்லை இது. மறுநாளே சாப்பிடலாம், எனக்கு மூன்றாம் நாள் பதம்தான் பிடிக்கும். உலர்ந்த கரண்டியால் எடுத்து, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.