சின்னவன் வெறும் வயிற்றோடு விடியக் கூடாது

விடியக்காலை ஐந்து மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் யாருக்கும் வியர்க்காது. தை மாதம் என்றால் கம்பிளிக்குள்ளேயே கால் விறைத்துக் கிடக்கும். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்: தூங்குகிற பிள்ளையின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாய், சில்லென்று இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கலாம், அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையை எழுப்புங்கள்.

2023 தை மாதம் எனக்கு இது தெரியாது. சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. முதல் நாள் லேசான காய்ச்சல். ராத்திரி இரண்டு வாய் சோறுகூட இறங்கவில்லை, ஆறரைக்கே தூங்கிவிட்டான். "காய்ச்சல்ல தூங்குற புள்ளய எழுப்பாத தாயி" என்றார் மாமியார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் முன் எழுப்பினேன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. கழுத்து ஈரத்துணி மாதிரித் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் கை கால் வெட்டி இழுத்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஓடி வந்தவர்கள் பிள்ளை கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தபோது சீனி 38. 70க்குக் கீழே போகக் கூடாதாம். ஊசி வழியாக குளுக்கோஸ் ஏறிக் கொஞ்ச நேரத்தில் "அம்மா, பசிக்குது" என்றான்.

பேராதனையில் உள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையில் எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. கீட்டோனோடு வரும் சீனிக் குறைவு என்றார்கள். சீனி வருத்தம் (நீரிழிவு நோய்) இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையில் அதிகமாக வருவது இதுதானாம். டொக்டர் அம்மா எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். ஈரல்தான் உடம்பின் அரிசி டின். பெரியவர்களின் டின் பெரிது, ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் தாங்கும். ஒல்லியான சின்னப் பிள்ளையின் டின் விடிவதற்குள் காலியாகிவிடும். மூளையோ விடாமல் சீனி கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், அதில் வருவதுதான் கீட்டோன். வாயில் அழுகின அன்னாசி மாதிரி ஒரு வாடை வரும். கீட்டோன் ஏறினால் குமட்டும், குமட்டினால் பிள்ளை சாப்பிடாது, சாப்பிடாததால் சீனி இன்னும் இறங்கும். இந்தச் சுற்று தொடங்குவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும்.

ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். சீனி இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கோர்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் குறைவது, உடம்பில் இன்சுலின் அதிகமாவது என்று பலது. அவற்றுக்கு வைத்தியம் வேறு. சீனி இறங்கியிருக்கும் நேரத்திலேயே எடுக்கும் இரத்தமும் சிறுநீரும்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால் என் பிள்ளைக்குச் சொன்னதை உங்கள் பிள்ளைக்கு அப்படியே செய்யாதீர்கள். கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாம் மணிக் கணக்கில்தான் நடக்கிறது. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை எட்டு மணி நேரம். அதற்கு மேல் அவன் வயிறு காலியாக இருக்க விடுவதில்லை. ஏழு மணிக்குச் சோறு, பருப்பு, கூட ஒரு முட்டை, இல்லாவிட்டால் கருவாடு. வெறும் சோறும் ரசமும் சீக்கிரம் செரித்துவிடும், கூடவே முட்டையோ பருப்போ பாலோ போனால்தான் நின்று தாங்கும். ஒன்பது மணிக்கு கோர்ன்ஃபிளவர் கரைத்த பால். காலை ஐந்துக்கு நான் அடுப்பு மூட்டும்போதே அவனையும் எழுப்பி ஒரு டம்ளர் சமபோஷ சத்துமாவோ பாலும் பிஸ்கட்டுமோ கொடுத்துவிட்டு மறுபடி படுக்க வைப்பேன். பாதித் தூக்கத்தில் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான்.

அந்தக் கோர்ன்ஃபிளவரில் நான் ஒரு கிழமை பிழைவிட்டேன். பிள்ளைக்குப் பச்சை மாவைக் கொடுக்க மனம் வருமா? கஞ்சி மாதிரிக் காய்ச்சி, சீனி போட்டு, சுடச்சுட ஊட்டினேன். காலையில் பார்த்தால் 52, 58 என்று வந்தது. கிளினிக்கில் சொன்னதும் தாதி தலையில் கை வைத்தார். மாவை வேகவைத்தால் சீக்கிரம் செரித்துவிடும். பச்சையாக இருந்தால்தான் வயிற்றில் மெதுவாக, மணிக்கணக்கில் சீனியாக மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஆறின பாலில்தான் கரைக்க வேண்டும். கரைத்துவிட்டு அப்படியே வைத்தால் மாவு அடியில் சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும். நான் சின்ன மூடி போத்தலில் போட்டு, குலுக்கி, நுரை அடங்கும் முன்பே கொடுக்கிறேன். பிறகு போத்தலில் இரண்டு வாய் பால் ஊற்றி அலசி, ஒட்டிய மாவையும் குடிக்க வைப்பேன். அளவு பிள்ளையின் நிறையைப் பார்த்து டொக்டர் சொல்வார், கண்மட்டத்தில் போடாதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பச்சை மாவு செரிக்காது. கடையில் கஸ்டர்ட் பவுடரைத் தந்துவிட்டால் திருப்பிக் கொடுங்கள், அது வேறு.

மாவை விடக் கஷ்டம் சனங்களோடுதான். "சீனி" என்ற சொல்லைக் கேட்டவுடனே லயம் முழுக்க அவனுக்குச் சீனி வருத்தம் என்று பரவிவிட்டது. கோயிலில் பொங்கல் கொடுத்தால் ஒருவர் கையிலிருந்தே பிடுங்கினார், "இந்தப் புள்ளைக்கு இனிப்பு ஆகாது" என்று. அன்பில்தான் செய்தார். ஆனால் என் பிள்ளைக்கு ஆபத்து அந்த அன்பில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "கூடுற வருத்தம் இல்ல, கொறையுற வருத்தம். இவன் சோர்ந்து உக்காந்தா கேள்வி கேக்காம சீனி குடுங்க." இதை நீங்களும் செய்யுங்கள். வெட்கப்படாதீர்கள். நான் மலையில் கொழுந்து பறிக்கும்போது பிள்ளையைப் பார்க்கப் போவது அவர்கள்தான்.

நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்து ஆயம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு சின்னப் போத்தல் சீனி, மாரி பிஸ்கட் பாக்கெட், என் தொலைபேசி எண் எழுதிய அட்டை. அட்டையில் நான்கு அடையாளங்கள் எழுதியிருக்கிறேன்: முகம் வெளுப்பது, காரணமில்லாமல் சிணுங்குவது, விளையாட்டை விட்டுப் படியில் உட்கார்ந்துகொள்வது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் சிவப்புப் பேனையால் எழுதினேன். ஆயம்மா அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

சீனி இறங்கினால் செய்வது இவ்வளவுதான். பிள்ளை விழித்திருந்து விழுங்க முடிந்தால், அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கலந்து கொடுப்போம். எங்கள் பக்கம் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீ குடிப்பது பழக்கம். தண்ணீர் வேண்டாம் என்று அடம்பிடித்தால் மாமியார் அப்படியே தன் கையில் சீனியை வைத்து நீட்டுவார், அவனும் நக்கிவிடுவான். சொக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சீனி ஏறப் பிந்தும், அவசரத்துக்கு ஆகாது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தரம். ஏறியதும் பாணோ ரொட்டியோ முட்டையோடு கொடுத்தாக வேண்டும். வெறும் சீனியோடு விட்டால் திரும்பவும் இறங்கும்.

மயங்கிக் கிடந்தாலோ இழுத்தாலோ வாயில் தண்ணீர், தேத்தண்ணி எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாயில் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இழுப்பு நின்ற பிறகு ஒரு தேக்கரண்டி சீனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஈரமாக்கி, நாக்குக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கும் முறையை எங்களுக்கு வார்டில் காட்டித் தந்தார்கள். உங்கள் கிளினிக்கிலும் கேட்டுப் பழகி வையுங்கள். சாவிக்கொத்தால் ஒன்றும் ஆகாது.

சீனி பார்க்கும் மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை. குளிரில் விரலிலிருந்து இரத்தம் வராது. என் அக்குளுக்குள் அவன் கையைக் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கிய பிறகு, விரல் நுனியின் ஓரத்தில் குத்துவேன், நடுவில் குத்தினால் வலி கூட. அதற்கு முன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு தடவை 190 என்று காட்டிப் பதறிப்போனேன், பார்த்தால் விரலில் வாழைப்பழம். ஸ்ட்ரிப் போத்தலைத் திறந்து போட்டால் மழைக்காலத்து ஈரத்தில் கெட்டுவிடும். மெஷினும் கடும் குளிரில் வேலை செய்யாது, அதைத் தலையணைக்குப் பக்கத்தில் கம்பிளிக்குள் வைக்கிறேன். ஸ்ட்ரிப் விலைக்கு தினமும் பார்க்க முடியாது. சாப்பிடாத ராத்திரிக்கு மறுநாள் காலையிலும், வருத்தம் வந்த நாட்களிலும், அவன் பார்க்கிற விதம் ஒரு மாதிரி இருக்கும்போதும் பார்ப்போம். எங்களுக்குத் தந்த எல்லை 70. அதற்குக் கீழே என்றால் உடனே கொடுக்க வேண்டும்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் வந்த நாள்தான் உண்மையான சோதனை. அன்றைக்கு எட்டு மணி நேரக் கணக்கு செல்லாது. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியிலும், இனிப்பாக ஏதாவது உள்ளே போக வேண்டும். குமட்டினால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் தூள்) கொடுக்கிறோம் என்று சும்மா இருக்காதீர்கள். அது நீரும் உப்பும் குறையாமல் பார்க்கும், அதில் உள்ள குளுக்கோஸ் இந்தப் பிள்ளைகளுக்குப் போதாது. இரண்டு தரம் வாந்தி எடுத்தால் நாங்கள் காத்திருப்பதில்லை. கடைசி பஸ் போன பிறகு யோசிப்பதைவிட மத்தியானமே கிளம்புவது மேல். ஆடி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் வேன்காரரும் வரமாட்டார்.

கிளினிக் கொப்பியோடு டொக்டர் எழுதித் தந்த கடிதமும் ஒரு பிளாஸ்டிக் பையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. உடனே சீனி பார்க்க வேண்டும், குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், வரிசையில் நிறுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. எனக்குச் சிங்களம் அரைகுறை. அதனால் ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்: "தருவாகே லே வல சீனி அடுயி." பிள்ளையின் இரத்தத்தில் சீனி குறைவு என்று அர்த்தம். மாமியாருக்கும் சொல்லிக் கொடுத்தேன், சாமி மந்திரம் மாதிரித் தினமும் சொல்லிப் பார்க்கிறார். எந்தப் பரிசோதனைக்கும் வெறும் வயிற்றில் வரச் சொன்னால் முதலிலேயே இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

திருவிழா நாட்களில் பிள்ளை ஆட்டத்திலேயே இருந்து, சாப்பிடாமல் யார் மடியிலாவது தூங்கிவிடும். காமன் கூத்து ராத்திரிகளில் போத்தலும் மாவும் என் முந்தானையில்தான் இருக்கும். தூங்கின பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, முழுதாக விழிக்க வைத்துக் கொடுங்கள், அழுதாலும் பரவாயில்லை.

மூத்தவளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அவளுக்கு ஒன்பது வயது. ஒரு நாள் பிஸ்கட் டின்னைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் சீனி கொறஞ்சா நல்லாருக்கும்மா" என்றாள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்கு அவளுக்கும் ஒரு டம்ளர் பால், மாவு மட்டும் இல்லை. காசு கொஞ்சம் கூடத்தான் போகிறது, போகட்டும். போத்தலைக் குலுக்குவது இப்போது அவள் வேலை. வேறு யார் குலுக்கினாலும் சின்னவன் குடிக்கமாட்டான்.

அவர்களுடைய அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார். தூரத்திலிருந்து என்ன செய்வது என்று முதலில் மனம் உடைந்துபோனார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் அவர்தான் அழைப்பு எடுத்து என்னை எழுப்புகிறார். பகல் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்தால் எனக்கு அலாரம் கேட்பதில்லை. பிள்ளை குடித்து முடிக்கும் வரை போனை வைக்கமாட்டார்.

இந்த வருத்தம் பெரும்பாலும் எட்டு ஒன்பது வயதுக்குள் போய்விடும் என்கிறார் டொக்டர் அம்மா. பிள்ளைக்குச் சதை பிடிக்க, அரிசி டின்னும் பெரிதாகும். சின்னவனுக்கு இப்போது ஐந்து நடக்கிறது, போன கிளினிக்கில் 15 கிலோ. காலை ஐந்து மணிச் சோதனையில் மூன்று தரம் தொடர்ந்து 80க்கு மேல் வந்தது. மாவை நிறுத்தலாமா என்று கேட்டேன். அடுத்த கிளினிக்கில் ஒரு ராத்திரி வார்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதுவரை ஒன்பது மணிக்கு மூத்தவள் குலுக்குகிறாள்.