சந்தனமும் மரக்கலரும்: வெளிச்சுவரில் செய்யக்கூடாத தவறுகள்

களியக்காவிளையில் தொடங்கி மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரை வந்தால், புதிதாக எழும்பிய வீடுகளில் ஒரே சேர்க்கை அடிக்கடி கண்ணில் படும். சந்தனக் கலர் சுவர், காப்பிப்பொடிக் கலர் பார்டர், முகப்பில் வெட்டுக்கல் ஒட்டிய தூண். பெயிண்ட் அடித்த முதல் மாதம் எல்லாம் அழகுதான். இரண்டு மழை கழிந்தபின் அதே வீட்டைப் பாருங்கள். சன்ஷேடின் இரண்டு முனையிலிருந்தும் மை வடிந்ததுபோல் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் தெறித்துக் காவி ஏறியிருக்கும். பிரவுன் பார்டரில் திட்டுத்திட்டாக உப்பு பூத்திருக்கும். பெயிண்டைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் தவறு அங்கே இல்லை. கடையின் கலர் அட்டையைப் பார்த்துக் கலரை முடிவு செய்தோமே தவிர, அந்தச் சுவரில் மழை எந்தப் பக்கம் அடிக்கிறது, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, மாலை வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. கோளாறு அங்கே ஆரம்பிக்கிறது.

குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை என இரண்டும் உண்டு. வறண்ட ஊர்களில் பத்து வருஷம் தாங்கும் ஏற்பாடு இங்கே மூன்றாம் வருஷமே பாசி பிடிக்கும். அதனால் கீழே சொல்வதில் பாதி கலரைப் பற்றியது, பாதி தண்ணீரைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பிரவுன், பிஸ்கட், சந்தனம் என்ற தேர்வில் எந்தத் தவறும் இல்லை. இந்த நிறங்களைப் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிகளை வைத்தே கலக்குகிறார்கள். செம்மண்ணுக்கும் காவிக்கல்லுக்கும் நிறம் தருவதும் அதே இரும்புதான். வெயிலில் எளிதில் வெளுக்காது. பளிச்சென்ற ஊதா, ரோஸ் சுவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோகிற இடத்தில் இவை நின்று பிடிக்கும்.

பிஸ்கட் கலர் எல்லாம் ஒன்றல்ல

கடையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே அட்டையைப் பார்த்துக் கலரைச் சொல்லிவிட்டு வருவதுதான் முதல் தவறு. பீஜ் என்று விற்கும் நிறங்களுக்குள் ஒன்று மஞ்சள் பக்கம் சாயும், ஒன்று ரோஸ் பக்கம், இன்னொன்று பச்சை கலந்த சாம்பல் பக்கம். தனியாகப் பார்த்தால் தெரியாது. வெள்ளைக் காகிதம் ஒன்றை அட்டைக்கு அருகில் வையுங்கள், சாயல் உடனே வெளியே வரும்.

இந்தச் சாயலைச் சுற்றுப்புறம் இன்னும் கூட்டிவிடும். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வீட்டில் சுவரில் விழும் வெளிச்சமே இலைகளின் மேல் பட்டுத்தான் வருகிறது. அங்கே பச்சைச் சாயல் உள்ள பீஜ் அடித்தால் முதல் நாளிலிருந்தே பாசி பிடித்த சுவர் போலத் தோன்றும். மஞ்சள் சாய்ந்த சந்தனம்தான் அங்கே பொருந்தும். முற்றம் முழுக்கச் செம்மண்ணாக இருக்கும் வீட்டில் நிலைமை வேறு. வெயிலேறும்போது மண்ணின் சிவப்பு சுவரில் ஏறும். ஏற்கெனவே ரோஸ் சாயல் உள்ள பீஜ் அப்போது தோல் நிறத்துக்குப் போய்விடும்.

சாம்பிள் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. வெறும் சிமெண்ட் பூச்சின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீற்று போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிரைமர் அடித்த இடத்தில் மூன்றுக்கு மூன்று அடி, இரண்டு கோட். கிழக்குச் சுவரில் ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று. காலை எட்டு மணிக்கு, உச்சிவெயிலில், மாலை ஐந்துக்கு என மூன்று வேளை பாருங்கள். பெரிய சுவரில் இளநிறம் அட்டையில் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். அட்டையில் பிடித்த நிறம் சுவரிலும் அப்படியே தெரிய வேண்டுமானால் ஒரு படி அடர்த்தியானதை எடுக்க வேண்டியிருக்கும். இரவு விளக்கையும் மறக்க வேண்டாம். 6500 கெல்வின் வெள்ளை எல்இடிக்குக் கீழே பிரவுன் செத்த சாம்பலாகத் தெரியும். போர்ட்டிகோவிலும் காம்பவுண்டிலும் 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாய்ந்த வெளிச்சம் தரும் விளக்கு போட்டால் போதும்.

ஓட்டுக்கூரை உள்ளவர்கள் சுவர்க் கலரை முடிவு செய்வதற்கு முன் ஓட்டைத்தான் பார்க்க வேண்டும். மங்களூர் ஓட்டின் சிவப்பு மாறாது, சுவர்தான் அதற்கு இணங்கிப்போக வேண்டும். சிவப்புச் சாயல் உள்ள பிரவுன் அதோடு ஒட்டும். சாம்பல் சாயல் உள்ள சாக்லேட் பிரவுன் ஓட்டுக்குக் கீழே அழுக்காகத் தெரியும்.

பிரவுன் எங்கே, எவ்வளவு

தக்கலைக்கு அருகில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த இடம். இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. அதன் வெளிப்புறத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அங்கே பிரவுன் என்றால் மரம்தான். அதுவும் நீண்டு இறங்கும் ஓட்டுச் சாய்ப்பின் நிழலுக்குள் இருக்கிறது. மழையும் வெயிலும் நேரடியாகப் படும் சுவர்ப்பரப்பு வெளிர் நிறம். இன்றைய வீடுகளில் நடப்பது நேர்மாறு: சாய்ப்பே இல்லாத மொட்டைச் சுவரில், அதுவும் மேற்குப் பக்கத்தில், பத்தடி அகலத்துக்கு அடர் பிரவுன்.

இதில் என்ன கெடும் என்றால், முதலில் வெப்பம். நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை ஓர் அளவு உண்டு. நல்ல வெள்ளை 80-க்கு மேல் வரும். பிஸ்கட் கலர்கள் பெரும்பாலும் 50 முதல் 70. கடும் சாக்லேட் 10 பக்கம்தான். அதாவது விழும் வெயிலில் பெரும்பகுதியை அந்தச் சுவரே குடிக்கும். பகலெல்லாம் சூடாகி, திடீரென மழை பெய்து குளிரும்போது பூச்சு விரிந்து சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். பீஜ் சுவரில் அந்த வெள்ளை உப்பு கண்ணுக்குத் தெரியாது. பிரவுனில் அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்து தெரியும்.

எனவே மேற்கும் தெற்கும் வெளிர் நிறம். பிரவுன் சிட்அவுட்டின் உள்சுவர், போர்ட்டிகோ தூண், ஜன்னல் சட்டம், தரையை ஒட்டிய பட்டை ஆகிய இடங்களில் போகட்டும். தரைப்பட்டைக்குப் பிரவுன் போடுவது வெறும் அழகுக்கு அல்ல. மழைத்துளி தரையில் பட்டு மண்ணைத் தெறிக்கிற உயரம் ஏறத்தாழ ஒன்றரை அடி. பட்டையை இரண்டடிக்கு ஏற்றினால் கறை அதற்குள் அடங்கும். ஆறு அங்குலப் பட்டை போட்டு அதற்குமேல் சந்தனம் அடிப்பது இந்த மண்ணில் வீண். பட்டையோடு நிறுத்தாமல், வீட்டைச் சுற்றி இரண்டடி அகலம், நாலு அங்குல ஆழத்துக்கு ஜல்லி போட்டால் தெறிப்பே பாதியாகக் குறையும்.

ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடமும் முக்கியம். வெளிமூலையில் நிறத்தை மாற்றினால் சுவரில் காகிதம் ஒட்டியதுபோல் இருக்கும். உள்மூலையில் மாற்றுங்கள், அல்லது பூசும்போதே கொத்தனாரிடம் சொல்லி அரை அங்குலக் காடி (பள்ளக்கோடு) வெட்டி, அதில் முடியுங்கள்.

தண்ணீருக்கு வழி

சந்தனச் சுவரில் விழும் கறுப்புக் கோட்டுக்கு முக்கால்வாசிக் காரணம் சன்ஷேடின் அடிப்பக்கம். ஒரு மழை நாளில் குடையோடு வெளியே நின்று பார்த்தால் புரியும். சன்ஷேடின் மேல் விழுந்த தண்ணீர் விளிம்பில் சொட்டாமல், விளிம்பைச் சுற்றிக்கொண்டு அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வரும். வரும்போது மேலே படிந்த தூசியையும் இலைச்சாற்றையும் சேர்த்துக்கொண்டு வரும். அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே, அரை அங்குல அகலமும் ஆழமும் உள்ள ஒரு காடி நீளவாக்கில் ஓடினால், தண்ணீர் அங்கே வந்து அறுந்து சொட்டிவிடும். பூச்சு வேலையின்போது அரை நாள் வேலை. மறந்துபோனவர்கள் இப்போதும் கட்டிங் மெஷினால் வெட்டிக்கொள்ளலாம், ஆனால் கம்பி தெரியும் ஆழத்துக்குப் போகக்கூடாது.

கைப்பிடிச்சுவரின் தலைப்பும் இப்படித்தான். தட்டையாக விட்டாலோ வெளிப்பக்கம் சரித்தாலோ மாடியின் அழுக்கெல்லாம் முகப்பில் வடியும். சரிவு மாடிப்பக்கம் இருக்க வேண்டும். ஏசி வெளி யூனிட்டின் தண்ணீர்க் குழாயைச் சுவரில் சொட்டவிடுவது, ஜன்னல் கிரில் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பிரவுன் எனாமல் அடிப்பது இரண்டும் சுவரில் டீக்கறை போட்டுவிடும். குளச்சல், முட்டம் கரையோரங்களில் கிரில் வேகமாகத் துருப்பிடிக்கும். அங்கே சுவரில் உப்புக்காற்று படிந்திருக்கும் என்பதால் பெயிண்டுக்கு முன் நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிக் காயவிடுவது கட்டாயம்.

அடியில் செய்யாத வேலை

புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் ஆறவேண்டும். சிமெண்டின் காரம் அடங்காத சுவரில் நிறம் அடித்தால் அங்கங்கே வெளுத்துத் திட்டு விழும், பிரவுனில் அது இன்னும் மோசம். நாள் கணக்கு சரியாக இருந்தாலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டடி பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு வெயில் படாத சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்து உரியுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவேண்டும்.

உப்பு பூத்த இடத்தை ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். வேண்டாம். காய்ந்த நிலையிலேயே பிரஷால் தேய்த்துத் தட்டிவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பாசி பிடித்த சுவரைச் சுரண்டிவிட்டு அப்படியே அடிப்பதும் தவறு. மிச்சப் பாசி உயிரோடு இருந்தால் புது பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, இருபது நிமிஷம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். ப்ளீச்சிங்கையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. வெளிவரும் குளோரின் வாயு ஆளைச் சாய்க்கும்.

பழைய சுவரில் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் ஒட்டினால், அல்லது பழைய சுண்ணாம்பு, சிமெண்ட் பெயிண்ட் மேலே இருந்தால், அதைச் சுரண்டி எடுக்காமல் எமல்ஷன் அடிக்கக்கூடாது, தாளாக உரியும். உள்ளறைக்கான அக்ரிலிக் பட்டியை வெளியில் இழுப்பதும் வேண்டாம். வெளிச்சுவருக்கு வெள்ளைச் சிமெண்ட் பட்டி, அதன் மேல் வெளிப்புறப் பிரைமர் ஒரு கோட், பெயிண்ட் இரண்டு கோட்.

பிரவுன் ஒரே கோட்டில் நன்றாக மூடிவிடும். அதனாலேயே பெயிண்டர்கள் இரண்டாவது கோட் வேண்டாம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவரை மழையிலிருந்து காப்பது நிறம் அல்ல, அந்தப் படலத்தின் தடிமன். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றில் அடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பெயிண்ட் ரோலர் திரும்பி வருவதற்குள் காய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் பட்டையாகத் தெரியும். நிழல் விழுந்த சுவரில் வேலை செய்யுங்கள். ஒரு சுவரை நடுவில் நிறுத்தாமல் மூலை அல்லது காடி வரை முடித்துவிட்டு டீக்குப் போகட்டும்.

வேலை செய்யும் மாதம்

கிறிஸ்துமஸுக்கு வீடு பளபளக்க வேண்டும் என்று நவம்பர் மழையில் சாரம் கட்டுவது இந்த மாவட்டத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஈரச்சுவரில் அடித்த பெயிண்ட் அடுத்த கோடையில் கொப்புளிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் கோடை மழை வரும் என்பதால் பகல் இரண்டு மணிக்கு மேல் தொடக்கூடாது. பண்டிகைக்கு முன் செய்தே ஆகவேண்டும் என்றால் மழை படாத சிட்அவுட்டையும் போர்ச்சையும் மட்டும் செய்துவிட்டு மற்றதைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள்.

வெட்டுக்கல்லும் மரமும்

வெட்டுக்கல் ஒட்டிய தூணுக்குப் பளபளப்பு வார்னிஷ் அடிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. கல்லுக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் வார்னிஷ் வெள்ளை பூத்து உரியும். மேலே படலம் போடாமல் உள்ளே இறங்கித் தண்ணீரைத் தள்ளும் சிலேன்-சிலாக்சேன் வகை நீர்விலக்கித் திரவம்தான் சரி. கல் ஒட்டிய பகுதியின் மேல்விளிம்பை மூடாமல் விட்டால் தண்ணீர் பின்பக்கம் இறங்கும்.

அயினி, பலா, தேக்குக் கதவுகளுக்கு மெலமைன் பாலிஷ் உள்ளறைக்கு மட்டும். வெயில் படும் கதவுக்கு வெளிப்புற பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் வேண்டும்.

கடைசியாக, வாங்கும் அளவு. வெளிப்புற எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 சதுர அடி வரும், சொரசொரப்பான சுவரில் 40-க்கும் கீழே போகும். 1,900 சதுர அடி சந்தனம் என்றால் 38 லிட்டர், அதாவது இருபது லிட்டர் வாளி இரண்டு. மெஷினில் கலக்கும்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில் எடுங்கள். வீட்டில் பெரிய டிரம்மில் இரண்டையும் கொட்டிக் கலந்தபின் தொடங்கினால் வாளிக்கு வாளி இருக்கும் சிறு வித்தியாசம் சுவரில் விழாது. பாதியில் தீர்ந்து கையால் ஸ்டெய்னர் (நிறம் கூட்டும் திரவம்) ஊற்றிச் சமாளித்த சுவரை யாரும் ஒளிக்க முடியாது. மிஞ்சிய ஒரு லிட்டரைச் சிறிய டப்பாவில் நிரம்ப ஊற்றி மூடி, மேலே கலர் நம்பர், பேஸ் (நிறம் கலக்கும் அடிப்படைப் பெயிண்ட்) பெயர், தேதி மூன்றையும் மார்க்கரில் எழுதி நிழலில் வையுங்கள். அடுத்த வருஷம் ஜன்னல் ஓரத்தில் ஒரு வெடிப்பை அடைத்தபின் அந்த டப்பாவைத்தான் தேடுவீர்கள்.