பழைய வண்டியில் ஏசி கேஸ் நிற்கவில்லையா? நிரப்பும் முன் ஓட்டையைத் தேடுங்கள்

ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. பைப்புக்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ வெளியேறுகிறது என்று அர்த்தம். இருந்தும் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பழைய குவாலிஸ், சுமோ, ஆம்னி வைத்திருப்பவர்கள் பலர் சபரிமலை சீசனுக்கு ஒருதரம், சித்திரை வெயிலுக்கு ஒருதரம் என்று கேஸ் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் ஒழுகுவது எது என்று பாருங்கள். முன்சீட்டுக் காலடியில் மேட் நனைந்தால் அது பெரும்பாலும் தண்ணீர்தான். காற்றைக் குளிர்விக்கிற கூலிங் காயிலில் சேரும் ஈரம் வெளியே போகிற டிரெயின் ட்யூப் அடைத்திருக்கும். ஆரியங்காவு மலைப்பாதையில் மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் இலைத்தூள் உள்ளே போய் இப்படி ஆவது சகஜம். வண்டிக்கு அடியிலிருந்து ட்யூபுக்குள் மெல்லிய வயரை மென்மையாக விட்டு எடுத்தாலே போதும். கம்பியை ஆழமாகக் குத்தினால் காயிலே ஓட்டையாகும்.

கேஸ்தான் போகிறது என்றால், அடித்த கேஸ் எத்தனை நாள் தாங்கியது என்பதுதான் முதல் துப்பு. ஒன்றிரண்டு நாளில் காலியானால் கன்டென்ஸரிலோ (சூட்டை வெளியே தள்ளும் முன்பக்கக் காயில்) பைப்பிலோ பெரிய ஓட்டை. சில வாரம், ஓரிரு மாதம் என்றால் ஜாயின்ட்டில் போடும் ரப்பர் வளையமான ஓ ரிங், கேஸ் ஏற்றும் இடத்து வால்வு பின், அல்லது கூலிங் காயிலில் ஊசித்துளை. ஒரு வருஷம் ஓடிக் குறைந்தால் கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் முன்பக்க ஷாஃப்ட் சீலையும் (அச்சைச் சுற்றிய அடைப்பு) ஹோஸ் கிரிம்ப்பையும் (ஹோஸ் முனையை நசுக்கி இறுக்கிய இடம்) சந்தேகப்படலாம். அடித்த தேதியைக் குறித்துவைக்காதவருக்கு இந்தத் துப்பு கிடைக்காது.

அடுத்து கண்ணும் விரலும். கேஸோடு ஆயிலும் கசியும் என்பதால் ஓட்டை இருக்கும் இடத்தில் புழுதி ஒட்டிக் கருத்த பிசுக்காக நிற்கும். வால்வு மூடியைக் கழற்றி சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி எழும்பினால் வால்வு பின்னை மாற்றினால் தீர்ந்தது. சில ரூபாய்ச் சாமான். அந்த மூடிக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள், பழைய வண்டிகளில் மூடியே இருக்காது.

பின்பக்க ஏசி உள்ள வண்டிகளில் அடிப்பகுதியைத் தவறாமல் பாருங்கள். முன்னாலிருந்து பின் காயிலுக்குப் போகும் நீளமான அலுமினியப் பைப்பை கிளாம்ப் பிடித்திருக்கும். கிளாம்ப் ரப்பர் தேய்ந்து, இடையில் சேறு தங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போயிருக்கும். கிளாம்பைக் கழற்றாமல் பார்த்தால் பைப் நல்ல நிலையில் இருப்பதுபோலவே தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். அங்கே எம்சீல் பூசுவது வீண். பைப்பின் சுவர் கெட்டியாக இருந்தால் ஆர்கான் வெல்டிங் தாங்கும், இல்லாவிட்டால் அந்தத் துண்டை மாற்றுங்கள். பின் ஏசி தேவையே இல்லை என்றால் பிரியும் இடத்திலேயே இரண்டு பைப்பையும் பிளக் போட்டு அடைத்துவிடலாம். அப்போது கேஸ் அளவையும் குறைக்க வேண்டும்.

இதிலும் சிக்காவிட்டால் நைட்ரஜன் டெஸ்ட். மிச்சக் கேஸை மெஷினில் இழுத்துவிட்டு, ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ ஏற்றி, சிலிண்டரை மூடி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் நுரை பூசுங்கள். பஞ்சர் கடைக் காற்று கூடாது, ஈரம் உள்ளே போகும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். "வேக்யூம் போட்டேன், அரைமணி நேரம் முள் அசையலை, லீக் இல்லை" என்று, பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை இழுத்துப் பார்த்த மெக்கானிக் சொன்னால் நம்பிவிட வேண்டாம். வேக்யூமில் வெளிக்காற்று அழுத்துவது 15 பிஎஸ்ஐக்கும் குறைவு, அதுவும் உள்நோக்கி. ஏசி ஓடும்போது ஹை சைடில் (கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் பக்கம்) 200 முதல் 250 பிஎஸ்ஐ வெளிநோக்கித் தள்ளுகிறது. தேய்ந்த சீல் வேக்யூமில் ஒட்டிக்கொள்ளும், ஓட்டத்தில் விட்டுவிடும்.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்கு நுரை எட்டாது. அதற்கு யூவி டை (யூவி வெளிச்சத்தில் ஒளிரும் சாயம்) விட்டுச் சில நாள் ஓட்டி, டிரெயின் ட்யூபில் சொட்டும் தண்ணீரை இருட்டில் யூவி டார்ச்சில் பாருங்கள். பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தால் டேஷ்போர்டை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிவிட்டால் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலி இரண்டாம் முறை கொடுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஜாயின்ட்டைத் திறந்தால் பழைய ஓ ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். ஆர் 134ஏ கேஸுக்கு ஏற்ற பச்சை ரிங்கை, மினரல் ஆயில் தடவி, முறுக்காமல் போடுங்கள். சிஸ்டம் திறந்து கிடந்தால் உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும் டிரையரும் புதிது. கம்ப்ரஸரில் ஊற்றும் பிஏஜி ஆயில் ஈரத்தை உறிஞ்சும், டப்பாவைத் திறந்துவைக்கக் கூடாது. கன்டென்ஸர் மாற்றினால் சுமார் 30 மில்லி, கூலிங் காயில் மாற்றினால் 40 முதல் 50 மில்லி ஆயில் ஈடுகட்டுங்கள். பிறகு 45 நிமிஷம் வேக்யூம். கேஸைத் தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள்; அளவு பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். பைப்பைத் தொட்டுப் பார்த்து "ஜில்லுனு வந்துருச்சு" என்று நிறுத்துகிற வேலை கூடுதலாகவோ குறைவாகவோதான் முடியும்.

அடைத்த பிறகும் வேறு இடத்தில் விட்டால் காரணம் ஓட்டைக்கு வெளியே இருக்கலாம். கன்டென்ஸர் ஃபேன் சுற்றாவிட்டால் பிரஷர் ஏறி ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பதம் பார்க்கும். இன்ஜின் மவுன்ட் தொய்ந்தாலோ கம்ப்ரஸர் பிராக்கெட் போல்ட் தளர்ந்தாலோ ஆட்டம் முழுவதும் ஹோஸ் முனையில் விழும். புது ஹோஸும் அதே இடத்தில் வெடிக்கும். லீக் அடைக்கும் திரவம் என்று விற்பதை ஊற்ற வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து உள்ளே இறுகி எக்ஸ்பேன்ஷன் வால்வை அடைக்கும், மிச்சக் கேஸை இழுக்கிற மெஷினையும் கெடுக்கும்.

குற்றாலச் சாரல் மாதங்களில் ஏசியே போடாமல் வைத்திருந்தால் ஷாஃப்ட் சீல் காய்ந்து சுருங்கும். வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் போட்டால் ஆயில் சுற்றி வந்து சீல் ஈரமாகவே இருக்கும், கண்ணாடியில் படியும் ஆவியும் விலகும்.